நவம்பர் 1: பலகையில் எதை எழுதுவது?

சாக்பீஸ்:
எங்கள் பள்ளி வாசலில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு கரும்பலகை இருக்கிறது, தினமும் பிரார்த்தனை மணி அடிப்பதற்குள் நான்கு வரி எழுதுவது என் வேலை. நவம்பர் 1-க்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தால் வரிசையாக மாநிலப் பிறந்தநாள்தான் வருகிறது. 1956-ல் மொழிவாரியாக மாநில எல்லைகளைச் சீரமைத்தபோது கேரளா, மைசூர், ஆந்திரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம். 1966-ல் ஹரியானா. 2000-ல் சத்தீஸ்கர். மைசூர் கர்நாடகா என்று பெயர் மாறியதும் 1973-ல் இதே தேதி. இதெல்லாம் போக 1755 லிஸ்பன் நிலநடுக்கம், அனைத்துப் புனிதர்கள் திருநாளன்று மக்கள் கோயில்களில் கூடியிருந்த நேரத்தில் வந்தது.

நம் மாநிலத்துக்கு என்ன எழுதுவது என்பதில்தான் நிற்கிறேன். 2019-ல் நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாள் என்றார்கள், 2021-ல் அது ஜூலை 18 என்று அறிவிப்பு வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள். அன்று நமக்கு என்னதான் நடந்தது என்று ஒரே வரியில் சொல்வதானால் எப்படிச் சொல்வீர்கள்?

தோவாளைக்காரன்:
டீச்சர், எங்கள் மாவட்டத்தில் அன்று உள்ளூர் விடுமுறை. காரணம் ஒன்றுதான், கன்னியாகுமரி மாவட்டம் பிறந்த நாள் அது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் 1956-ல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதி நெல்லையோடு போனது. சும்மா கோடு போட்டுக் கொடுத்துவிடவில்லை. நேசமணி தலைமையில் வருஷக்கணக்காகப் போராட்டம் நடந்தது, 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின.

வீட்டுக் கதை ஒன்று. எங்கள் தோப்பின் பழைய பிரமாணம் (பத்திரத்தை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம்) மலையாளத்தில்தான் இருக்கிறது, தேதி கொல்லம் ஆண்டு 1119. தாத்தா வீட்டில் பேசியது தமிழ், எழுதியது தமிழ், ஆனால் தன் சொந்த நிலத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ள இன்னொருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அதை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். மொழிவாரி மாநிலம் என்றால் என்ன என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

மலையோரம்:
மேலே சொன்னது முழுக்கச் சரி, ஆனால் பாதிக் கதை. அதே நாளில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோடு போயின. பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் இருந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-ல் கொடுத்த அறிக்கையிலேயே அது முடிவாகிவிட்டது. அங்கே தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களைக் குடியிருப்பவர்களாகவே கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் இன்றும் என் வருத்தம். கொள்ளேகால் மைசூருக்குப் போனது. மலபாரும் தென்கன்னடமும் போனது மொழிப்படி நியாயம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் சங்கரலிங்கனார். ‘தமிழ்நாடு’ என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளோடு 1956 ஜூலை 27-ல் உண்ணாவிரதம் இருக்க ஆரம்பித்தவர் அக்டோபர் 13-ல் இறந்தார். பத்தொன்பதாவது நாள் நவம்பர் 1. அன்றும் மாநிலத்தின் பெயர் சென்னைதான். சட்டமன்றத் தீர்மானம் 1967 ஜூலை 18, பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. அதனால் எனக்கு இது எல்லை கிடைத்த நாள், பெயர் கிடைத்த நாள் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் எழுதுங்கள்.

வில்லியனூர்:
புதுச்சேரியை எல்லாரும் மறந்துவிடுகிறீர்கள்! எங்களுக்கு நவம்பர் 1 விடுதலை நாள், அதுவும் 1954-ல், மாநிலச் சீரமைப்புக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே. அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். இரண்டே வாரத்தில் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16. கீழூர் நினைவிடம் எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான், வயல்களைத் தாண்டிப் போனால் வரும். பள்ளிச் சுற்றுலா வந்தால் கடற்கரையோடு திரும்பிவிடாமல் பிள்ளைகளை அங்கேயும் கூட்டிப் போங்கள்.

சாக்பீஸ்:
எல்லாருக்கும் நன்றி. லிஸ்பனையும் சத்தீஸ்கரையும் எடுத்துவிட்டேன். முதல் வரி நான்கு தாலுகா, இரண்டாவது தேவிகுளம் பீர்மேடு, மூன்றாவது கீழூர் 170, நான்காவது சங்கரலிங்கனார். தோவாளை அண்ணா, அந்தப் பிரமாணத்தின் ஒரு பக்கத்தைப் பெயர்களை மறைத்துப் படம் எடுத்துப் போட முடியுமா? பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுகிறேன்.

தோவாளைக்காரன்:
அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது டீச்சர். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கும், பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.