11 கம்ப்யூட்டர் ஆபீஸுக்குத் தனி டிஎன்எஸ் வேணுங்களா?

திருப்பூர்: பனியன் கம்பெனி ஆபீஸ். 11 கம்ப்யூட்டர், 2 பிரிண்டர், பில் போடுற சர்வர் ஒண்ணு. கரண்ட் போய் வந்தா சர்வர் ஐபி (நெட்வொர்க் முகவரி) மாறிக்குது. எல்லா சிஸ்டத்துலயும் திருப்பி அடிக்கணும். பேரைச் சொன்னா ஐபி முகவரி சொல்ற டிஎன்எஸ் சர்வர் போட்டா சரியாகுங்களா?

ஈரோடு: தனி சர்வர் வேண்டாங்க. உங்க சிக்கல் பேர்ல இல்ல, முகவரில. ஐபி பிரிச்சுக் குடுக்கறது ரவுட்டரோட டிஹெச்சிபி. ரவுட்டர்ல டிஹெச்சிபி ரிசர்வேஷன் போய், சர்வரோட மேக் நம்பருக்கு (நெட்வொர்க் கார்டோட மாறாத அடையாள எண்) 192.168.1.10னு கட்டிப்போடுங்க. பிரிண்டருங்களுக்குக் கடைசி எண் 11, 12. கால் மணி நேர வேலை.
பேர் சொல்லிக் கூப்பிடணும்னா ரவுட்டரே போதும். மைக்ரோடிக் கம்பெனி ரவுட்டர்னா டிஎன்எஸ் ஸ்டேட்டிக்ல ஒரு வரி, ‘அலவ் ரிமோட் ரிக்வெஸ்ட்ஸ்’ டிக். டிக் பண்ணின கையோட இன்டர்நெட் பக்கம் டிஎன்எஸ் கேள்வி வர்ற 53ஆம் போர்ட்டை ஃபயர்வால்ல அடைச்சிருங்க. இல்லன்னா வெளியாளுங்க உங்க ரவுட்டரை வெச்சு அடுத்தவனைத் தாக்குவாங்க. பேரு ‘பில்.இன்டர்னல்’னு இருக்கட்டும். ‘.லோக்கல்’ வேண்டாம், அது மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸோட (சர்வர் இல்லாம சிஸ்டங்களே ஒண்ணுக்கொண்ணு பேர் கேட்டுக்குற முறை) முட்டும்.

கோவை: ஆக்டிவ் டைரக்டரி (ஏடி; எல்லா சிஸ்டத்து லாகினையும் ஒரே இடத்துல பாத்துக்குற விண்டோஸ் சர்வர் வசதி) இருந்தா மட்டும் கதையே வேறங்க. அதுக்கு டிஎன்எஸ் கட்டாயம். ரெண்டாவது டிஎன்எஸ்ஸா கூகுளோட 8.8.8.8 போடவே கூடாது; விண்டோஸ் அங்க போய்க் கேட்டா உள்பேர் கிடைக்காம லாகின் தொங்கும்.

திருப்பூர்: ஏடி இல்லீங்க. பேர் வெச்சாச்சு, பிங் போகுது. ஒரு சிஸ்டத்துல குரோம்ல மட்டும் திறக்கல.

ஈரோடு: அதுல ‘செக்யூர் டிஎன்எஸ்’ ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்து, அதுல வெளி டிஎன்எஸ் சர்வர் தேர்வாகியிருந்தா, குரோம் ரவுட்டர்கிட்டக் கேக்காம வெளிய போய்க் கேட்டிருக்கும். ஆஃப் பண்ணுங்க.