தொலைநோக்கி மேல் பொருத்த மினி கணினி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி:
வானத்தைப் படமெடுக்கும் ஈக்வடோரியல் மவுன்ட் (நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து திரும்பும் தாங்கி), குளிரூட்டும் கேமரா, கைடு கேமரா (பின்தொடர்வதில் பிழையைக் கவனிப்பது), ஃபோகஸர் (குவியத்தைச் சரிசெய்யும் மோட்டார்) நான்கையும் இயக்க, தொலைநோக்கிக் குழாயின் மேலேயே ஒரு மினி கணினி வைக்கப் போகிறேன். இரவு முழுக்கப் பனியில் இருக்கும். மின்சாரம் 12 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியிலிருந்து மட்டும். படமெடுப்பதை நிர்வகிக்கும் நினா மென்பொருள் ஓட வேண்டும். ஐபி65 (தூசியும் நீரும் புகாத) உறை உள்ள கணினி அவசியமா, இன்டெல் என்100 சிப் போட்ட சாதாரணப் பெட்டி போதுமா?

பதில் 1:
என்100 போதும். ஐபி65க்குக் கூடுதல் பணம் வேண்டாம். சாதாரண யூஎஸ்பி கேபிள்களைச் செருகியதும் அந்த அடைப்பு போய்விடும். ஓடும் கணினி சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதால் அதன்மேல் பனி படிவதும் அரிது. ஆபத்து அணைத்த பிறகுதான்: குளிர்ந்த பெட்டியை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே சர்க்யூட் போர்டிலேயே ஈரம் கோத்துக்கொள்ளும். வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள்.

வாங்கும்போது முதலில் மின் உள்ளீட்டைப் பாருங்கள். 19 வோல்ட் கேட்கும் பெட்டியைத் தவிர்த்துவிடலாம். '12 வோல்ட்' என்று மட்டும் போட்டிருந்தால், எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று விவரக்குறிப்பில் தேடுங்கள். சார்ஜர் மாட்டிய பேட்டரி 14.6 வோல்ட் வரை போகும். 9–36 வோல்ட் உள்ளீடு உள்ள ஃபேன்லெஸ் (விசிறி இல்லாத) பெட்டிதான் சிறந்தது. கிடைக்காவிட்டால் நடுவே 12 வோல்ட், 5 ஆம்பியர் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைக்கவும் கூட்டவும் செய்வது) வையுங்கள். குறைக்க மட்டுமே செய்யும் வெறும் பக் கன்வெர்ட்டர் உதவாது, உள்ளே வருவது 12க்குக் கீழே இறங்கினால் அதன் வெளியீடும் கூடவே இறங்கிவிடும்.

ஒயரும் முக்கியம். 3 மீட்டர் தூரத்துக்கு 0.75 சதுர மி.மீ. ஒயர் போட்டால், போக வர 6 மீட்டருக்குச் சுமார் 0.14 ஓம். கேமராவின் குளிரூட்டி, பனி ஹீட்டர் எல்லாம் சேர்ந்து 8 ஆம்பியர் இழுத்தால் 1.1 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மி.மீ. ஒயரில் அது 0.34 வோல்ட்தான்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: டிசி பின்னில் 5.5×2.1, 5.5×2.5 என இரண்டு அளவு உண்டு. 2.5 பிளக், 2.1 சாக்கெட்டில் சுலபமாக நுழையும், ஆனால் பிடிப்பு இருக்காது. மவுன்ட் திரும்பும்போது ஒரு கணம் தொடர்பு விட்டு கணினி ரீஸ்டார்ட் ஆகும். பழியை விண்டோஸ் மேல் போடுவோம்.

பதில் 2:
வாங்கிய பின் செய்ய வேண்டியவை. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை), மின்சாரம் வந்ததும் தானே இயங்கும்படி அமைத்துவிடுங்கள். இருட்டில் பவர் பொத்தானைத் தேட வேண்டியிருக்காது. விண்டோஸ் ப்ரோ இருந்தால் ரிமோட் டெஸ்க்டாப் (வேறு கணினியிலிருந்து இதை இயக்கும் வசதி) நேரடியாக வேலை செய்யும். ஹோம் பதிப்பு அந்த இணைப்பை ஏற்காது, வேறு மென்பொருள் வேண்டும். அப்படியானால் ஹெச்டிஎம்ஐ டம்மி பிளக் (மானிட்டர் இருப்பதுபோல் காட்டும் செருகி) ஒன்றும் செருகுங்கள், இல்லாவிட்டால் சில பெட்டிகளில் திரை மிகச் சிறிய அளவில் வரும். பவர் அமைப்பில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை (சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியை உறங்கவைக்கும் வசதி) நிறுத்துங்கள். நள்ளிரவில் கைடு கேமரா திடீரெனக் காணாமல் போக அது ஒரு காரணம்.

யூஎஸ்பி 3 கேபிள்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். பெட்டியும் உலோகம் என்பதால் வெளி ஆன்டெனா உள்ளதாக எடுத்து, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 64 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே உள்ள சேமிப்பகம்) போதுமா? ராஸ்பெர்ரி பை 5 என்ற சிறிய ஒற்றை போர்டு கணினி சரிவருமா?

பதில் 1:
போதாது. 26 மெகாபிக்சல் கேமராவில் ஒரு 16 பிட் படம் ஏறத்தாழ 52 எம்பி. 30 விநாடி எக்ஸ்போஷரில் 8 மணி நேரத்துக்கு 960 படம், அதாவது 50 ஜிபி. அந்த 64இல் பெரும்பகுதியை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். 500 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள்.

நினா விண்டோஸில்தான் ஓடும், அதனால் பை ஒத்துவராது. லினக்ஸில் ஓடும் கேஸ்டார்ஸ், ஈகோஸ் மென்பொருள்களைப் பழகத் தயார் என்றால் அது நல்ல வழிதான். ஆனால் பை 5க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் தேவை; அதற்குத் தகுந்த கன்வெர்ட்டர் இல்லாமல் யூஎஸ்பியில் இரண்டு கேமரா மாட்டாதீர்கள்.

பதில் 3:
பூஜ்யத்துக்குக் கீழே குளிரும் இடமென்றால் ஒரு எச்சரிக்கை. உங்கள் பேட்டரி அந்தக் குளிரிலும் மின்சாரம் தரும், ஆனால் 0 டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது. காலையில் உள்ளே கொண்டுவந்ததும் சார்ஜரை மாட்டாமல், செல்கள் சூடேறும்வரை சில மணி நேரம் விட்டுவிடுங்கள்.