3 அடி தடுப்புச்சுவருக்கு ஹாலோ பிளாக் தாங்குமா? (கோத்தகிரி)

மலைத்தோட்டம்:
வணக்கம். கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவை இரண்டு படியாக்கி பீன்ஸ், கேரட் போடலாம் என்றிருக்கிறோம். நடுவில் 25 அடி நீளம், 3 அடி உயரத்துக்குச் சுவர் வேண்டும். மேஸ்திரி 6 இன்ச் ஹாலோ பிளாக்கை 1:6 சிமென்ட், மணல் கலவையில் கட்டிப் பூசினால் போதும், காம்பவுண்டுக்குக் கம்பியா போடுகிறோம் என்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்தால் பயமாக இருக்கிறது. கட்டியவர்கள் சொல்லுங்கள்.

சைட் இன்ஜினியர்:
காம்பவுண்டோடு இதை ஒப்பிடவே கூடாது. அங்கே மண் தள்ளுவதில்லை, இங்கே ராப்பகலாகத் தள்ளும். அதைவிடப் பெரிய எதிரி தண்ணீர். வெளியேற வழியில்லாமல் சுவருக்குப் பின்னால் மேல்வரை தேங்கினால், மண்ணை விட்டுவிடுங்கள், தண்ணீர் மட்டுமே உங்கள் 25 அடிக்கு 3 டன்னுக்கு மேல் தள்ளும்.

8 இன்ச் பிளாக் வாங்குங்கள். வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டி கெட்டி மண்ணில் 2 அடி அகலம், 8 இன்ச் கனத்துக்குக் கான்கிரீட் கடைக்கால் போட்டு, அகலத்தில் பெரும்பகுதி மண் பக்கம் வரும்படி வையுங்கள், மேலே விழும் மண்ணின் எடையே சுவரைப் பிடித்துக்கொள்ளும். முதல் வரிசை தரைக்குக் கீழே போகட்டும். கடைக்காலிலிருந்தே 10 மி.மீ. கம்பியை 16 இன்ச்சுக்கு ஒன்றாக எழுப்பி, அந்தக் குழிகளில் சின்ன ஜல்லி கான்கிரீட்டைக் குத்திக் குத்தி நிரப்ப வேண்டும். கம்பி குழியின் நடுவில் நிற்காமல் மண் பக்கமாக நிற்கட்டும், ஏனென்றால் சுவர் இழுபடுவது அந்தப் பக்கம்தான். இதை மேஸ்திரியிடம் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

அப்புறம் தண்ணீர் வெளியேற 3 இன்ச் பி.வி.சி. பைப்பை 4 அடிக்கு ஒன்றாக, கீழ்ப்படித் தரைக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் சாய்வாக. சுவருக்குப் பின்னால் 1 அடிக்கு 40 மி.மீ. ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணி (மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடுவது). துணி இல்லாவிட்டால் சேறு இறங்கி ஜல்லி அடைத்துக்கொள்ளும். பூச்சுக்கு வைத்திருக்கும் பணத்தை இதற்குப் போடுங்கள்.

குன்னூர்வாசி:
அவர் சொல்வது சரிதான், ஆனால் 3 அடி ஒரே சுவர் எதற்கு? இடம் இருந்தால் ஒன்றரை அடியில் இரண்டாகப் பிரித்து, நடுவில் 4 அடி விடுங்கள். சுவரை மண் தள்ளும் விசை உயரத்தின் இருமடிப்படி கூடும், அதனால் பாதி உயரத்துக்கு அது நாலில் ஒரு பங்குதான். அந்த உயரத்துக்குக் கலவை இல்லாமல் கருங்கல்லைப் பின்சாய்வாக அடுக்கினாலும் நிற்கும், தண்ணீரும் இடுக்கு வழியாகத் தானே போய்விடும்.

மலைத்தோட்டம்:
இடம் குறுகல், அதனால் ஒரே சுவர்தான். கட்டி முடித்ததும் மண் போட்டுவிடலாமா? கூரைத் தண்ணீர் பைப் இப்போது மேல்படியில்தான் விழுகிறது.

சைட் இன்ஜினியர்:
7 நாள் தண்ணீர் காட்டி, கான்கிரீட் இறுக இன்னும் 2 வாரமாவது விட்டு, பிறகு அரை அடி அரை அடியாக மண் போட்டு திமிசுக் கட்டையால் இடியுங்கள். மாசி, பங்குனியில் ஆரம்பித்தால் மழைக்கு முன் முடியும். கூரைத் தண்ணீரை மட்டும் அங்கே விடவே விடாதீர்கள். பைப்பை நீட்டி, சுவரின் ஓரத்தைத் தாண்டி வாய்க்காலில் இறக்கிவிட்டு, அப்புறம் வானம் தோண்டுங்கள்.