ஊர் ஒன்றியம் பொதி கொடுப்பதை நிறுத்தலாமா?

பொருளாளர் (ரொறன்ரோ)

எங்கள் ஊர் ஒன்றியத்தின் (வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் சேர்ந்து ஊருக்கு உதவும் சங்கம்) கனடாக் கிளையில் மூன்று வாரமாக ஒரே சண்டை. வெளி ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கத்தான் இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2022 பொருளாதார நெருக்கடி நேரம் தொடங்கி 42 குடும்பங்களுக்கு மாதாமாதம் உலர் உணவுப் பொதி கொடுத்து வருகிறோம். அரிசி, மா, சீனி, பருப்பு, ரின்மீன், பால்மா, சவர்க்காரம். ஒரு பொதி 7,500 ரூபா மட்டில் முடிகிறது. இப்போது நிர்வாகத்தில் பாதிப் பேர், "அஸ்வெசும (ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் காசு) வந்துவிட்டது, ஏழைகளைப் பார்ப்பது அரசாங்கத்தின் வேலை, அந்தக் காசில் பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கட்டுவோம்" என்கிறார்கள். மற்றப் பாதி, "அரசாங்கத்தை நம்பினால் சனம் பட்டினி கிடக்கும்" என்கிறது. காசுக் கொப்பி என் கையில் இருப்பதால் இரண்டு பக்கத்து ஏச்சும் எனக்குத்தான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கச்சேரிக் கிழவன்

34 வருடம் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அரச உத்தியோகம் பார்த்தவன் நான். பக்கம் சாய்ந்துதான் பேசுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் 42 பொதிக்கு மாதம் மூன்று இலட்சத்துப் பதினையாயிரம் ரூபா. நல்ல காரியம். அஸ்வெசும 2023 ஜூலையில் தொடங்கியபோது நான்கு படி வைத்தார்கள். 2,500 ரூபா 4 இலட்சம் குடும்பங்களுக்கு, 5,000 ரூபா 4 இலட்சத்துக்கு, 8,500 ரூபா 8 இலட்சத்துக்கு, 15,000 ரூபா 4 இலட்சத்துக்கு. பெருக்கிப் பாருங்கள், மாதம் 1,580 கோடி ரூபா வரும். எந்த ஒன்றியம், எந்தக் கோயில், எந்த லண்டன் வர்த்தகர் இதை மாதாமாதம் தருவார்? 46,000 வீடுகளை இந்திய அரசு வடக்கிலும் கிழக்கிலும் கட்டக் காசு கொடுத்ததே, வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் என்று வங்கிக் கணக்கில் கட்டம் கட்டமாகப் போட்டு? அரசு என்று ஒன்று இறங்கினால்தான் அந்த அளவு நடக்கும்.

மண்டபம் கட்டுவோம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வெளிநாட்டு ஒன்றியங்களுக்கு மண்டப வியாதி பிடித்திருக்கிறது. கல்வெட்டில் பெயர் வரும் அல்லவா.

சுன்னாகத்தான்

ஐயா, உங்கள் பெருக்கல் சரி. அந்த 1,580 கோடி 2022 வைகாசியில் எங்கே இருந்தது? ஏப்ரலிலேயே வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று அரசாங்கம் கையை விரித்துவிட்டது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. பால்மா இல்லை, காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அந்த மாதங்களில் ஊரில் எத்தனையோ அடுப்பு எரிந்தது வெளிநாட்டுக் காசில்தான். ரூபா விழ விழ நாங்கள் அனுப்பிய அதே நூறு டொலர் ஊரில் பெருத்தது. அரசாங்கம் மெலிந்த நேரம் பார்த்து உதவி கொழுத்தது, அதுதான் தனியார் தர்மத்தின் பலம்.

இது புதுக் கதையும் இல்லை. 1877 பஞ்சத்தில் யாழ்ப்பாணத்தில் கஞ்சித் தொட்டி வைத்தது யார்? மாவட்டத்தை நிர்வகித்த அரசாங்க அதிபரா? சைவப் பெரியார் ஆறுமுக நாவலர். தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனை எப்படி எழும்பியது? 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து காசு சேர்த்தார்கள், சிங்களவரும் தமிழரும் சேர்ந்து. செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்கு இன்றைக்குப் போனாலும் சோறு கிடைக்கும், அன்னதானக் கந்தன் என்றே பெயர். அங்கே யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை.

கச்சேரிக் கிழவன்

நாவலரை இழுத்துவிட்டீர்கள், அப்படியென்றால் முழுக்கதையையும் சொல்லுங்கள். கஞ்சி ஊற்றின அதே நாவலர்தான் அரசாங்க அதிபர் துவைனத்தைக் கண்டித்து எழுதியவரும். தொட்டியில் கஞ்சி இருக்கிறதே என்று அவர் பேசாமல் இருக்கவில்லை.

தெல்லிப்பழைக்கும் அதுதான். கட்டடம் நன்கொடையில் வந்தது, நடந்தவர்களுக்குக் கோடி புண்ணியம். கட்டி முடித்த பிறகு சாவியைச் சுகாதார அமைச்சிடம் கொடுத்தார்கள். தாதியின் சம்பளம், மருந்து, மின்சாரம் எல்லாம் மாதாமாதம் யார் கட்டுவது? 27 நாள் நடக்கலாம் தம்பி, வருடம் 365 நாளும் நடக்க முடியாது.

சுன்னாகத்தான்

2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பெட்டி பெட்டியாக மருந்து அனுப்பியது யார் என்றும் சொல்லிவிடுங்கள், கதை முழுமையாகட்டும்.

இரண்டாம் வருடம்

கம்பஸில் படிக்கிறேன், வயதில் சின்னவள், தப்பாக எடுக்க வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் தொடாத ஒன்று இருக்கிறது. ஒன்றியம் இல்லாத ஊருக்கு யார்?

வெளிநாட்டில் இருக்கும் புங்குடுதீவு ஆட்கள் ஒரு திருவிழாவுக்குச் சேர்க்கும் காசை சில கிராமங்கள் பத்து வருடத்திலும் பார்க்காது, ஏனென்றால் அங்கிருந்து கனடாவுக்கும் சுவிஸுக்கும் போக யாரிடமும் ஏஜென்சிக்குக் கட்டக் காசு இருக்கவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து 25 வருடத்துக்கு மேல் முகாமில் இருந்த சனம் எந்த ஊர் ஒன்றியத்தின் பட்டியலில் வரும்? இன்னும் வெளிப்படையாகச் சொல்வதென்றால், வெளிநாட்டுக் காசு ஊர் பார்த்து வருகிறது, ஊர் என்றால் சாதி பார்த்து நிற்கிறது. கோயில் வீதிக்கு இந்தப் பக்கம் வாசிகசாலைக்கு டைல்ஸ் போடுவார்கள், அந்தப் பக்கம் கிணற்றுக்குக் கட்டு இருக்காது. யாரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. தெரிந்தவருக்குத்தான் கொடுக்க மனம் வரும், அவ்வளவுதான். அரசாங்கத்தின் படிவத்தில் குறைந்தபட்சம் எந்தக் குறிச்சி என்று பார்த்துக் கழிக்கச் சட்டம் இல்லை.

இன்னொன்று. அஸ்வெசும "இனாம்" என்று வீட்டில்கூடப் பேசுகிறார்கள். 2024 ஜனவரியில் இருந்து வற் வரி 18 வீதம். கூலி வேலைக்குப் போகிற அம்மா சவர்க்காரம் வாங்கும்போதும் அந்த 18 வீதத்தைக் கட்டுகிறாள். அவளுக்கு வருவதில் அவளுடைய காசும் இருக்கிறது.

வலைக்காரன்

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு வந்த உதவியைக் கண்டவன் நான். கடலுக்கே போகாத ஆளுக்கும் வள்ளம் கிடைத்தது. போகிறவனுக்கு வலை கிடைக்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? தொண்டு நிறுவனத்து வெள்ளை வாகனம் வந்தது, கொடுத்தது, போனது. திரும்பி வரவே இல்லை.

ஆனால் கச்சேரிக்கு 14 தரம் போனவனும் நான்தான். அங்கேயும் வலை கிடைக்கவில்லை. கேட்கிறதற்கு ஒரு கதவு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சுன்னாகத்தான்

பிள்ளை, சாதி விஷயத்தில் நீ சொல்வதை மறுக்கமாட்டேன், எங்கள் ஊரிலும் இருக்கிறது. ஆனால் படிவம் ஆளைக் கழிக்காது என்று நினைக்கிறாயே, அங்கேதான் பிழை.

அஸ்வெசுமவில் 22 குறிகாட்டி வைத்துப் புள்ளி போடுகிறார்கள். வீடு எப்படி, மின்சாரம் எவ்வளவு, வாகனம் உண்டா, இப்படி. ஐந்தரை இலட்சத்தில் வீட்டுத் திட்டம் கொடுத்தார்கள். சனம் இன்னும் இரண்டு இலட்சம் கடன் வாங்கி அறை கூட்டிக் கட்டியது. இப்போது கணக்கெடுக்க வருகிறவர் கல்வீட்டைப் பார்த்து வசதியான குடும்பம் என்று எழுதுகிறார். கடனை யார் எண்ணினார்? ஜெர்மனியில் இருக்கும் தம்பி வாங்கிக் கொடுத்த பிரிட்ஜ் ஒன்று மூலையில் நிற்கும், கரண்ட் பில் கட்டப் பயந்து அதைப் போடுவதே இல்லை, உள்ளே உடுப்பு வைத்திருக்கிறார்கள். நான் கண்ணால் பார்த்தேன். முதல் பட்டியல் வந்தபோது நாடு முழுக்க இலட்சக்கணக்கில் மேன்முறையீடு போனதே, சும்மாவா?

எங்கள் பொதிக்கு 22 கேள்வி கிடையாது. சனசமூக நிலையத்துத் தலைவருக்கு யார் வீட்டில் உலை வைக்கவில்லை என்று தெரியும்.

இரண்டாம் வருடம்

அந்தத் தலைவருக்கு யார் வீட்டைத் தெரியாது என்பதுதான் என் கேள்வி.

தையல்காரி

இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போகிற ஆள். இன்றைக்கு எழுதுகிறேன்.

நான் பொதியும் வாங்கினவள், அஸ்வெசுமவும் வாங்குகிறவள். இந்த ஐயாவின் ஊர் இல்லை, வேறு ஊர். என் கணவர் 2009 இல் இல்லாமல் போனார். இரண்டு பிள்ளைகள். ஒரு தையல் மெஷின்.

2022 இல் பொதி வந்த மாதங்களை நான் மறக்கமாட்டேன். தைக்கத் தருவதற்கு ஆட்களிடம் துணி வாங்கக் காசு இல்லை. அந்த அரிசியில்தான் இருந்தோம். சுன்னாகத்து அண்ணா சொல்வது உண்மை.

ஆனால் பொதி வாங்க வரிசையில் நிற்கும்போது பின்னால் பனர் கட்டியிருப்பார்கள். பொதியை ஒரு பக்கம் கொடுக்கிறவர் பிடிப்பார், மறுபக்கம் நான் பிடிக்க வேண்டும், கமராவைப் பார்க்க வேண்டும். ஒருமுறை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அப்போது ஓ/எல் பரீட்சை வகுப்பு. படம் பேஸ்புக்கில் வந்தது, வகுப்பில் யாரோ காட்டிவிட்டார்கள். மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. நான் அடிக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

அஸ்வெசும முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. அதே கல்வீட்டுக் கதைதான். மேன்முறையீடு போடத் தெரியவில்லை, எல்லாம் கணினியில். வாசிகசாலையில் ஒரு பெடியன் இருந்து போட்டுத் தந்தான், விதானையின் (கிராம அலுவலரின்) கடிதத்துக்கு நாலு தரம் அலைந்தேன். பிறகு கிடைத்தது. 8,500. 2025 இல் 10,000 ஆக்கினார்கள். வங்கியில் விழுகிறது, யாரும் படம் எடுப்பதில்லை. எனக்கு எது வேண்டுமோ அதை வாங்குகிறேன். ஒரு மாதம் அரிசி வாங்கவே இல்லை, மகளுக்குக் கண்ணாடி வாங்கினேன். பொதியில் கண்ணாடி வராது.

10,000 காணாது. அதையும் எழுதிவிடுகிறேன்.

கச்சேரிக் கிழவன்

தங்கச்சி, "நாலு தரம் அலைந்தேன்" என்று எழுதியதை நான் இரண்டு முறை வாசித்தேன். மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்தவன் நான். "நாளைக்கு வாங்கோ" என்று நானும் சொல்லியிருக்கிறேன். பஸ் காசு எவ்வளவு என்று யோசித்ததில்லை.

பொருளாளர், உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். பொதியை உடனே நிறுத்தவேண்டாம். 42 குடும்பத்தில் யார் யாருக்கு அஸ்வெசும கிடைக்கிறது, யாருக்கு இல்லை என்று முதலில் எழுதி எடுங்கள். இல்லாதவருக்கு மேன்முறையீடு போட ஒரு பிள்ளையைச் சம்பளத்துக்கு வையுங்கள். இந்தத் தங்கச்சியின் படியில் ஒரு குடும்பத்துக்குப் பெயர் ஏறினால் மாதம் 10,000. உங்கள் பொதியைவிடப் பெரிய தொகை, உங்கள் சட்டைப்பையில் இருந்து போகாத தொகை.

சுன்னாகத்தான்

அரசாங்கம் செய்யவேண்டிய வேலைக்கு நாங்கள் சம்பளம் கொடுப்பதா? நல்ல நியாயம். நாளைக்கு விதானைக்கும் மோட்டார்சைக்கிள் வாங்கித் தரச் சொல்வீர்கள்.

கச்சேரிக் கிழவன்

வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

பொருளாளர் (ரொறன்ரோ)

எல்லாவற்றையும் வாசித்தேன். பட்டியல் எடுக்கும் யோசனையைக் கூட்டத்தில் வைக்கிறேன். மண்டபக்காரர் முறைப்பார்கள், சரி.

ஆனால் படம் விஷயத்தில் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். 2022 இல் அறுபது பேர் வரை காசு போட்டார்கள். இப்போது இருபத்தைந்து தேறாது. படம் வட்ஸ்அப் குழுவில் போட்ட கிழமை பத்துப் பேர் போடுவார்கள், போடாத மாதம் நானே போன் எடுத்துக் கெஞ்ச வேண்டும். படம் இல்லாவிட்டால் "பொருளாளர் காசை அடித்துவிட்டார்" என்று கதை வரும். மேன்முறையீட்டுப் படிவத்தைப் படம் எடுத்துப் போட்டால் யார் நூறு டொலர் தருவார்? சிரிக்க வேண்டாம், உண்மையாகக் கேட்கிறேன்.

இரண்டாம் வருடம்

பொதியை மட்டும் படம் எடுங்கள். கடைப் பில்லையும் பக்கத்தில் வையுங்கள். ஆள் எதற்கு?

சுன்னாகத்தான்

முகம் இல்லாத படத்துக்குக் காசு வராது, பிள்ளை. எங்கள் சனத்தை எனக்குத் தெரியும். எனக்கே வராது, பொய் சொல்லவில்லை. மகளின் மூன்று நாளை வாசித்த பிறகு அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதுவும் உண்மை. இந்த மாதத்துக் காசை நான் படம் இல்லாமலே போடுகிறேன், பொருளாளர் குறித்துக்கொள்ளட்டும். மேன்முறையீட்டுக்குச் சம்பளம் கொடுப்பதை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

தையல்காரி

பொருளாளர் ஐயா, ஒன்று கேட்கலாமா? கூட்டத்தில் அந்த 42 வீட்டிலிருந்து யாராவது இருப்பார்களா? கணக்கு உங்களுக்குள் காட்டுகிறீர்கள், வாங்குகிறவர்களுக்கும் காட்டலாமே. யாருக்குப் பெயர் ஏறவில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், பட்டியல் எடுக்க ஆள் தேவைப்படாது.

பொருளாளர் (ரொறன்ரோ)

இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. யோசித்ததும் இல்லை. வருகிற சனிக்கிழமை சூமில் கூட்டம், எங்கள் நேரம் இரவு எட்டு மணி. ஊரில் இரண்டு பேருக்கு லிங்க் அனுப்பப் பார்க்கிறேன். நீங்களும் வேறு ஊர் என்றாலும் வந்து சொல்வீர்களா? அங்கே ஞாயிறு விடிய ஐந்தரையாக இருக்கும், கஷ்டம்தான்.

தையல்காரி

ஐந்தரைக்கு நான் எழும்பி ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். அனுப்புங்கோ. கமரா போடமாட்டேன்.