மறு: ஃபிஸ்டுலாவுக்குக் ‘கசிவு’ போதாது, ‘புரைவழி’ என்போம்

> எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் வரும் ஃபிஸ்டுலாவைக் ‘கசிவு’ என்றே எழுதிவிடலாமே?

ஐயா, வணக்கம். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஃபிஸ்டுலா என்பது ஓர் உறுப்பிலிருந்து இன்னோர் உறுப்புக்கோ தோலுக்கோ தவறாகத் திறந்துவிடும் வழி. தொண்டியில் செவிலியாக இருக்கிறேன். வெளியூரில் அறுவை முடித்து வருகிறவர்களுக்கு டிஸ்சார்ஜ் தாளைப் படித்துச் சொல்வதும் என் வேலைதான். போன மாதம் ஒரு பெண் வந்தார். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டியெடுத்து, மிச்சத்தை ‘ஸ்லீவ்’ எனும் ஒடுங்கிய குழல் ஆக்கியிருந்தார்கள். நீலச் சாயம் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்ததும் விலாவில் தொங்கிய வடிகால் பையில் நீலம் இறங்கியதாம். நான் ‘கசிவு’ என்றேன். “அப்ப ஒரு தையல் போட்டா நின்னுடுமே?” என்றார் அவருடைய அம்மா.

அங்கேதான் சொல் தவறுகிறது. கசிவு தொடக்கம் மட்டுமே. அது ஆறாமல் நாள்பட்டு, நிலையான பாதையாகிவிட்டால்தான் ஃபிஸ்டுலா. ஸ்லீவில் பெரும்பாலும் உணவுக்குழாய் சேரும் மேல்முனையில் வரும். கீழே குறுகியிருந்தால் அழுத்தம் ஏறி, மேலே ஆறவே விடாது. முகத்துவாரத்தை மணல் மூடினால் தண்ணீர் கரையை உடைக்கும் என்பது நம் கடற்கரையில் பிள்ளைகளுக்கும் தெரியும். உடைப்பை மட்டும் அடைத்தால் நிற்குமா? அதனால்தான் குறுகலை பலூனால் விரிக்கிறார்கள்; இருமுனையும் சுருண்ட சிறு குழாயை வைத்துச் சீழை இரைப்பைக்குள்ளேயே வடியவிடுகிறார்கள். அதுவரை சிறுகுடலுக்கு நேரே குழாய்வழி உணவு. மாதக்கணக்கில் ஆகலாம்.

இரைப்பையில் சிறுபை அமைத்து அதை நேரே சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கு இன்னொரு வகை உண்டு. புதிதாக அமைத்த சிறுபைக்கும் ஒதுக்கிவிட்ட பழைய இரைப்பைக்கும் இடையே வழி திறந்து, சாப்பாடு பழைய பாதையில் போகும். எடை திரும்ப ஏறும். வெளியே ஒரு சொட்டும் வராது. இதை எப்படிக் கசிவு என்பது?

‘பவுத்திரம்’ என்றால் எல்லோரும் ஆசனவாயைத்தான் நினைக்கிறார்கள். ‘புரைக்குழல்’ பொருத்தம்தான், ஆனால் வார்டில் ஏற்கெனவே மூக்கில் ஒரு குழாய், விலாவில் ஒரு குழாய், குழப்பும். புண் புரையோடிப்போச்சு என்று இங்கே சாதாரணமாகச் சொல்வார்கள். ஆகவே ‘புரைவழி’. தோலில் திறந்தால் இரைப்பை-தோல் புரைவழி, நுரையீரல் பக்கம் போனால் இரைப்பை-மூச்சுக்கிளைப் புரைவழி. கண்புரையோடு குழம்பும் என்பீர்கள். ‘வழி’ சேர்ந்த பிறகு குழம்பாது என்றே நம்புகிறேன்.

மறுப்பு இருந்தால் புதனுக்குள் எழுதுங்கள். வியாழக்கிழமை அந்த அம்மா மறுபடி வருகிறார், இந்தச் சொல்லை வைத்துத்தான் அவரிடம் பேசப்போகிறேன்.