எம்ஜிஹெச் (mgh, உயரத்தால் வரும் நிலை ஆற்றல்) போட்டும் இடித்த கணக்கு: உங்கள் அனுபவம்?

கடைசி பெஞ்ச்:
பிளஸ் ஒன் கண்காட்சிக்கு லூப் செய்தேன், அதாவது சரிவில் விட்ட கோலிக்குண்டு செங்குத்து வட்டத்தில் தலைகீழாக ஒரு சுற்று வரும் தடம். வயரிங் பைப்பை நீளவாக்கில் அறுத்து வளைத்தது. குண்டின் மையம் சுற்றுகிற வட்டத்துக்கு ஆரம் 10 செ.மீ. விழாமல் சுற்ற, வட்டத்தின் அடியிலிருந்து இரண்டரை ஆரம் உயரத்தில் விட்டால் போதும் என்று mgh கணக்கில் வந்தது, அதாவது 25 செ.மீ. சார்ட்டில் பெரிதாக எழுதியும் வைத்தேன். நடுவர் வந்து நின்றதும் கோலிக்குண்டை விட்டேன். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே கழன்று அவர் செருப்பின் மேல் விழுந்தது. அவர் சார்ட்டை ஒருமுறை படித்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். 12 வருஷம் ஆகிறது. தப்பு எங்கே?

சாக்பீஸ்:
உராய்வுதான், வேறென்ன. எனக்கு நடந்தது தேர்வில். ஒரே உயரத்தில் இரண்டு வழவழப்பான சாய்தளங்கள், 30 பாகை ஒன்று, 60 பாகை ஒன்று. அடியில் வேகம் சமம் என்று எழுதினேன், சரி. நேரமும் சமம் என்று எழுதினேன். அந்தச் சிவப்புச் சுழி இன்னும் கண்ணில் நிற்கிறது. 30 பாகைக்கு 1.73 மடங்கு நேரம் ஆகும்.

படிக்கிற பிள்ளைகளே, இந்த மாதிரி ஆற்றல் கணக்கில் உயரத்தை எங்கிருந்து அளக்கிறோம் என்று முதலில் ஒரு கோடு போடுங்கள். தொடக்கம், முடிவு என்று இரண்டு படம் போதும். தளம் தருகிற செங்குத்து விசை வேலை செய்யாது, விட்டுவிடலாம். நிறை கொடுக்கவில்லையே என்று பயப்படாதீர்கள், சமன்பாட்டின் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். "எவ்வளவு நேரம்" என்று கேட்டால் மட்டும் ஆற்றலோடு நிற்காமல் முடுக்கத்துக்குப் போங்கள்.

திருச்சிக்காரன்:
சாக்பீஸ் சார், உராய்வு என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். உராய்வே இல்லையென்றால் குண்டு வழுக்கிக்கொண்டு வந்து 25-லேயே மயிரிழையில் சுற்றியிருக்கும். உராய்வு அதை உருட்டுகிறது. உருளும் திண்மக் கோளத்தின் இயக்க ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்கே போய்விடும். அதனால் 2.7 ஆரம் வேண்டும், பைப் குழியில் விளிம்பு உரசினால் இன்னும் கூட. என் பொண்ணு ஒரு சாய்ந்த பலகையில் வளையலையும் கோலியையும் ஒன்றாக விட்டாள். ஒவ்வொரு தடவையும் வளையல்தான் பின்னால். "ஏன்ப்பா?" என்று கேட்டபோதுதான் எனக்கே இது உறைத்தது.

கடைசி பெஞ்ச்:
நன்றி அண்ணா. அந்தப் பைப் பரணில்தான் கிடந்தது. இப்போது 32-லிருந்து விட்டேன். சுற்றிவிட்டது.