அம்மாவுக்குத் தலை சுற்றிய காலை

காசிமேட்டிலிருந்து:

2004 டிசம்பர் 26, மார்கழி ஞாயிறு. காலை ஆறரை மணி இருக்கும். வாசலில் புள்ளி வைத்துக்கொண்டிருந்த அம்மா, "தலை சுத்துதுடா" என்று கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெறும் வயிறு, பித்தமாக இருக்கும் என்று காபி போட்டுக் கொடுத்தேன். உள்ளே கொடியில் கிடந்த துணி ஆடியதைப் பார்த்தும் அது நிலநடுக்கம் என்று எனக்கு உறைக்கவில்லை. ஒன்பது மணி வாக்கில் கடல் ஊருக்குள் வந்தது. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறது! அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அப்புறம்தான் இதைத் தேடித்தேடிப் படித்தேன். பூமியின் மேலோடு பெரிய பெரிய பாறைத் தட்டுகளாக இருக்கிறது. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுப் பக்கம், கடலுக்கடியில், இந்தியத் தட்டு பக்கத்துத் தட்டுக்குக் கீழே நுழைந்துகொண்டே இருக்கிறது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான். ஆனால் இரண்டும் உரசிச் சிக்கிக்கொள்ளும் இடத்தில் மேல்தட்டின் விளிம்பும் சேர்ந்து வளைந்து கீழே போகும். தாங்க முடியாத அன்றைக்கு அது விடுபட்டு எகிறும். அன்று 1,200 கிலோமீட்டருக்கு மேல் பிளந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. மேலே இருந்த கடலையே தூக்கிவிட்டது.

திருவொற்றியூரிலிருந்து:

அண்ணா, நான் 2012 ஏப்ரல் 11-ஐச் சொல்கிறேன். மதியம் இரண்டேகால் வாக்கில், வரிசையாக வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. சுனாமியில் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் நாங்கள். எதையும் யோசிக்கவில்லை, ஆயாவைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினோம். 2007-லேயே ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்துவிட்டதால் இந்த முறை எச்சரிக்கையும் வந்தது. நாலேகாலுக்கு அதே சுமத்ரா பக்கம் 8.2 அளவில் இன்னொரு நிலநடுக்கம். ஆனால் கடல் வரவில்லை.

"சும்மா பயமுறுத்திட்டாங்க" என்று சிலர் திட்டினார்கள். அது தப்பு. முதல் நடுக்கம் 8.6, லேசானதில்லை. அன்று தட்டு பக்கவாட்டில் நகர்ந்தது, அவ்வளவுதான். தண்ணீர் நிறைந்த அண்டாவுக்குள் கையை விட்டு, உள்ளங்கையைப் படுத்தவாக்கில் பக்கமாக நகர்த்திப் பாருங்கள், மேலே பெரிதாக ஒன்றும் ஆகாது. அதே கையைச் சட்டென்று மேலே தூக்கினால் தண்ணீர் வழியும். அடியில் எது நடந்தது என்று முதல் சில நிமிஷத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் ஓடத்தான் வேண்டும், நான் மறுபடியும் ஓடுவேன்.

ராயபுரத்திலிருந்து:

நான் கப்பலில் வேலை பார்த்தவன். 2005-ல் அந்தமான் கடலில் பாரன் தீவைத் தூரத்தில் இருந்து பார்த்தேன். இந்தியாவில் இப்போதும் உயிரோடு இருக்கும் எரிமலை அது ஒன்றுதான். பகலில் வெறும் புகை. இருட்டியதும் உச்சி அடுப்புக் கங்கு மாதிரி சிவந்தது. கூட இருந்த அதிகாரி விளக்கினார்: கீழே இறங்கும் தட்டு ஈரத்தையும் கொண்டுபோகிறது. ஆழத்தில் அந்த நீர் கசிந்து மேலே உள்ள சூடான பாறையில் கலந்தால், பாறை அதே சூட்டிலேயே உருக ஆரம்பித்துவிடும். உருகிய குழம்பு லேசானது, மேலே ஏறும்.

"எந்தத் தட்டு சார்?" என்று கேட்டேன். போன டிசம்பரில் ஆடிய அதே தட்டு என்றார். என் சித்தப்பாவின் படகு காசிமேட்டில் போனது அந்த டிசம்பரில்தான். விடியும்வரை மேல்தளத்திலேயே நின்றிருந்தேன்.